இடது பக்கம் மட்டும் ஏன் ஒழுகியது

அண்ணா, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். சொல்பவர் அப்பா, எழுதுபவள் உன் தங்கையான நான். அப்பா ஆரம்பப் பள்ளியோடு தமிழ் எழுதுவதை விட்டுவிட்டார். அவரே எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். அதோடு இன்று அவர் நகத்துக்குள் எல்லாம் கறுப்பு எண்ணெய். அதனால் முன்வாசல் படியில் என்னை உட்கார வைத்து, தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறார். அவர் பேச்சை நான் எழுத்துத் தமிழாக்குகிறேன், கருத்தை மாற்றவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதுவேன், ஏனென்றால் அம்மா பேசுவதைத் திருத்தி எழுதினால் அது அம்மா பேசியதாக இருக்காது. இனி அப்பா.

தம்பி, உன் மோட்டார் சைக்கிள் செவ்வாய்க்கிழமை லாரியில் ஏறி ஜொகூருக்கு வருகிறது. இந்தக் கடிதம் சீட்டுக்கு அடியில், ஸ்பேனர் பைக்குப் பக்கத்தில் இருக்கும். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ "சரிப்பா, ஓகேப்பா" என்பாய், நான் பாதி சொல்வதற்குள் உன்னை யாராவது கூப்பிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விடிவதற்கு முன் எழுந்து பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, மறுபடியும் அதே பாலத்தில் திரும்பி வருகிறவனுக்கு அவ்வளவுதான் தெம்பு மிச்சமிருக்கும். நானும் பாயான் பாரு பக்கம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்த காலத்தில், நீ ஓடி வந்து பள்ளிக்கூடக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சட்டையைக் கழற்றும்போதே தூங்கிப் போயிருக்கிறேன். அலுப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதச் சொல்கிறேன். எப்போது முடிகிறதோ அப்போது படி.

இத்தனை நாள் கூட்டாளியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனாய். இனி நீயே ஓட்டப் போகிறாய். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். மழையில், ஒன்றின் வாலை ஒன்று முட்டுகிற மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மோட்டார்கள். உன் அம்மா பாதியிலேயே எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். துணி எல்லாம் காலையிலேயே மடித்தாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் உனக்கு முன்னால் போகிறவன் சட்டென்று நின்றால் நீயும் நின்றாக வேண்டும். உன் மோட்டார் அப்படி நிற்குமா என்பதைத் தவிர இந்த மாதம் முழுக்க வேறெதுவும் என் தலையில் ஓடவில்லை.

நிற்காமல் போனதை நான் பார்த்தேன். நீ போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். சிவப்பு விளக்கு விழுந்தது. முன்பிரேக்கை அழுத்தினேன். சோப்பு தடவிய கையால் குழாயைத் திருகுவது போல, பிடித்தது, ஆனால் பிடிக்கவில்லை. மோட்டார் அவசரமே இல்லாமல் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. வலப்பக்கமிருந்து வந்த கெரேத்தாக்காரன் காரின் ஹார்னை அழுத்திவிட்டு என்னை ஏதோ சொன்னான்.

"ஏங்க, எல்லாரும் பின்னாடி நிக்கிறாங்க. நாம மட்டும் ஏன் முன்னாடி வந்துட்டோம்?" என்று கேட்டாள் அம்மா.

"முருகன் சீக்கிரம் வரச் சொல்றாரு லா."

"வெளையாடாதீங்க" என்று முதுகில் கிள்ளினாள். கோயில் வரை மெதுவாகவே ஓட்டினேன். கோயில் வாசலில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இடது பக்கத்து ஃபோர்க் முழங்கால் அடிபட்ட பிள்ளை மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், எனவே பொறுமையாகப் படி. முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள் நிற்கின்றன, அவைதான் ஃபோர்க். ஒவ்வொரு காலிலும் பளபளப்பான ஒரு குழாய், தடித்த இன்னொரு குழாய்க்குள் இறங்கி ஏறுகிறது. உள்ளே எண்ணெய் இருக்கிறது. பள்ளத்தில் விழும்போது உன் முதுகெலும்பைக் காப்பாற்றுவது அந்த எண்ணெய்தான். அது வெளியே வராமல் பளபளப்புக் குழாயை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் வளையம், அதன் பெயர் சீல். உன் மோட்டாரில் டிஸ்க் பிரேக் இருப்பது இடது பக்கம். இடது சீல் போனால் எண்ணெய் காலோடு வழிந்து நேரே பிரேக் மேல் இறங்கும். எண்ணெய் குடித்த பிரேக் எதையும் பிடிக்காது.

ஆனால் இது புதிய சங்கதி இல்லை. நீ இங்கே இருந்தபோதே ஒரு தடவை அந்தச் சீலை மாற்றினேன், நீ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாய். மறுபடியும் ஒழுகியது, மறுபடியும் மாற்றினேன். இப்போது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான். வலது பக்கம் வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டு விட்டதில்லை. டவுனில் நாம் வழக்கமாக மோட்டார் சாமான் வாங்கும் கடையில், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சீன அம்மா என்னைப் பார்த்ததுமே மலாய்மொழியில் ஆரம்பித்துவிட்டார், தமிழில் சொல்கிறேன்.

"மறுபடியும் ஃபோர்க் சீலா, அங்கிள்? எந்தப் பக்கம்?"

"இடது."

"போன தடவையும் இடது. உங்க மோட்டாருக்கு வலது கால் மட்டும் புதுசா பொறந்துச்சா?"

"சாமான் மட்டம் லா, உங்க சீல்" என்றேன். எனக்கு அன்றைக்கு முட்டி வலி, யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது.

அவர் கோபப்படவில்லை. சீலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "என் சீல் மட்டம்னா ரெண்டு பக்கமும் ஒழுகணும்" என்றார். நான் பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தது.

இன்றைக்கு எனக்கு ஓய்வு நாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். உன் தங்கை டார்ச் பிடித்தாள். பிரேக்கைக் கழற்றி, அது அதன் குழாயிலேயே தொங்காதபடி கயிற்றால் கட்டி வைத்தேன். சக்கரம், மட்கார்டு, பிறகு அந்தக் கால். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒவ்வொரு நட்டுக்கும் நான் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து ஒரு தடவை எழுந்தேன், எழும்போதெல்லாம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இத்தனை வருடம் மைக்ரோஸ்கோப்பில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பார்த்த கண் இது. இப்போது சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் எங்கே இருக்கிறது என்று இவளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

"இங்க இருக்குப்பா. இல்ல, அது கீறல். இங்க."

"டார்ச்ச என் மூஞ்சியில அடிக்காத பாப்பா. ஃபோர்க்தான் ஒழுகுது, நான் இல்ல."

(அப்பாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.)

பழைய எண்ணெயை மைலோ டின்னில் கவிழ்த்தேன். சாம்பல் நிறமாக, கழுவிய பாத்திரத் தண்ணீர் மாதிரி வந்தது. சீலை நெம்பி எடுத்துத் துணியில் துடைக்கப் போனபோது உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கப்பா, துடைக்காதீங்க" என்றாள். சீலின் உள்ளுதட்டில், எண்ணெயில் ஊறிய ஒரு மஞ்சள் கசடு வட்டமாகப் படிந்திருந்தது. ரோட்டு மண் என்றேன். அவள் வாங்கி முகர்ந்தாள்.

"மண்ணு இல்லப்பா. பூச அறை வாசம் வருது."

நானும் முகர்ந்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், சந்தனம். பளபளப்புக் குழாயை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில், கட்டை விரல் அகலத்துக்கு, நகம் கீறினாற்போல மெல்லிய கோடுகள். மேலிருந்து கீழே. உன் அம்மாவின் கட்டை விரல் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும்.

நம் வீட்டு முன்வாசலில் மோட்டார் எப்படி நிற்கும் என்று நினைத்துப் பார். வலது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும். ஆள் போக முடியாது. கை எட்டுவது இடது பக்கம்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன், அவள் சந்தனத்தைக் குழைத்து அந்தக் குழாயில் ஒரு பொட்டு வைப்பாள். அதன்மேல் குங்குமம், கொஞ்சம் விபூதி. காய்ந்தால் அது மணல். மோட்டார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த மணல் சீலின் உதட்டைத் தேய்த்துத் தேய்த்து அறுத்திருக்கிறது. எந்தக் கம்பெனிச் சீல் போட்டாலும் அறுத்துக்கொண்டுதான் இருக்கும்.

உனக்காக ஒன்று சொல்கிறேன். ஒரே இடம் திரும்பத் திரும்பக் கெட்டுப்போனால் சாமானைத் திட்டாதே. அங்கே என்ன வந்து விழுகிறது என்று பார். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சீல் ஆனது.

குழாயை மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். புதுச் சீலை மாட்டும்போது கவனம், குழாயின் விளிம்பே அதன் உதட்டைக் கிழித்துவிடும். கடையில் தேநீர், தே ஐஸ் கட்டித் தருகிற பிளாஸ்டிக் பை இருக்கிறதல்லவா, அதில் ஒரு துண்டை எண்ணெய் தடவிக் குழாயின் நுனியில் போர்த்தி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கு. பிறகு பிவிசி பைப்பை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டு. ஓங்கி அடிக்காதே. புது எண்ணெயை இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்று. எண்ணெய் குடித்த பிரேக் கட்டையைக் கழுவி மறுபடியும் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, புதிது வாங்கிப் போடு. எல்லாம் மாட்டிய பிறகு, ஏறி உட்காருவதற்கு முன், பிரேக் கைப்பிடி கல் மாதிரி ஆகும்வரை அழுத்தி விடு. இதை நான் இனி ஒரு தடவை செய்வேன் என்று தோன்றவில்லை, தம்பி. உடம்பு கேட்கவில்லை. அடுத்த தடவை நீதான்.

சந்தன விஷயத்தை அம்மாவிடம் சொல்லாதே. சீல் மட்டம் என்று சொல்லிவிடலாம்.

(அப்பா இந்த இடத்தில் "இத எழுதாத" என்றார். "உண்மையா எழுதுவேன்னு முதல் வரியிலயே எழுதிட்டேன்பா" என்றேன். "அப்ப முதல் வரியை அடி" என்றார். "அடிச்சாலும் அம்மா செவ்வாய்க்கிழமைக்குள்ள மறுபடியும் பொட்டு வைப்பாங்களே, அண்ணன் அதோடதான பாலத்துல போகும்?" என்று கேட்டேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இனி நடந்ததை அப்பா சொல்லவில்லை, நான் பார்த்ததை எழுதுகிறேன்.)

அம்மா கோயிலிலிருந்து வந்துவிட்டார். கையில் வாழையிலைத் துண்டில் மடித்த சந்தனம், வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலம். உன் மோட்டார் பயணம் போகிறது என்று ஐயரிடம் சொல்லிக் கேட்டு வாங்கியதாம்.

"முடிஞ்சிச்சா? தள்ளுங்க, வச்சிட்டு உள்ள போறேன். வெளக்கேத்தணும்."

அப்பா எழுந்து மோட்டாருக்கு முன்னால் நின்றார். "இரு" என்றார்.

"என்ன இரு?"

"கையில எண்ணெய்யா இருக்கு."

"உங்க கையிலதான எண்ணெய். என் கையில என்ன? நகருங்க லா."

அப்பா நகரவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த பழைய சீலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "மோந்து பாரு" என்றார்.

"சீ, இத எதுக்கு?" என்றாலும் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அம்மாவுக்கு எல்லாம் மெதுவாகப் புரிகிற மாதிரி இருக்கும் அண்ணா, ஆனால் புரிந்துவிட்டால் நமக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருப்பார்.

"நான் வைக்கிறதா?"

"காஞ்சா மண்ணு மாரி ஆயிடுது. அது ரப்பர அறுத்துடுது. வேற ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா.

"அன்னைக்கி சிக்னல்ல நிக்காம போனது?"

ஆமாம் என்று அப்பா தலையை ஆட்டினார்.

அம்மா கோயில் சேலையோடு படியில், என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். "புள்ளையப் பாத்துக்கன்னு வச்சேன். அதுவே புள்ளையக் கொண்டுபோய் லாரிக்கு அடியில விடப் பாத்துச்சா?" என்றார். சத்தமே இல்லை. அப்பா துணியை எடுத்துத் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "ம்மா, நீங்க மொதல்ல குழாய்ல வைக்கலையே. முன் மட்கார்டுலதான வைப்பீங்க. அண்ணன்தான கத்துச்சு?"

அம்மா நிமிர்ந்தார்.

"'பெயிண்ட்ல வைக்காதீங்கம்மா, ஸ்டிக்கர் எல்லாம் கறை ஆவுது, கழுவுறது ரொம்ப சூசா லா, சில்வர்ல வைங்க, தொடைக்க லேசு'ன்னு. நான் ஸ்கூல் போற நேரம். இந்தப் படியிலதான் நின்னு கத்துச்சு."

"ஆமா!" என்றார் அம்மா. "அவன்தான் சொன்னான்! வெரல வச்சுக் காட்டினான், 'இங்க'ன்னு!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஜொகூர்ல இருக்கான், தப்பிச்சான். இங்க இருந்தான்னா காதத் திருகி இருப்பேன்."

"நானும்தான் பக்கத்துல இருந்தேன்" என்றார் அப்பா. "நல்ல யோசனைன்னு சொன்னேன்."

"உங்க காதையும் சேத்துத்தான்."

பிறகு அம்மா எழுந்தார். "எங்க வைக்கணும், நீங்களே காட்டுங்க" என்றார். அப்பா முன் மட்கார்டைக் காட்டினார், நீ ஆசைப்பட்டு ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கரின் நடுவில். "அவன் ஸ்டிக்கர் போயிடுமே" என்றார் அம்மா. "போனா போவட்டும்" என்றார் அப்பா. ஆனால் அம்மா உடனே வைக்கவில்லை. பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனார். நாலு வீடு தள்ளி, விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றார். "ஓட்டிட்டு வாங்க. இங்க வந்து நிறுத்துங்க. நான் பாக்கணும்."

"ஓரமா நில்லு. நடு ரோட்டுல நிக்காத."

"ஓரமாத்தான் நிக்கிறேன். வாங்க."

அப்பா சந்தின் கோடி வரை போய்த் திரும்பி வேகமாக வந்தார். கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் மோட்டார் மூக்கைத் தாழ்த்தி, நின்றது. வழுக்கவில்லை. "இன்னொரு தடவ" என்றார் அம்மா. நின்றது. "இன்னொரு தடவ." பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, இருவரும் சண்டை போடவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். அதன் பிறகுதான் அம்மா வந்து, கையைக் கழுவிக்கொண்டு, மட்கார்டில் பொட்டு வைத்தார். பெரியதாகவே வைத்தார். இனி மறுபடியும் அப்பா.

தம்பி, இப்போது உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மட்கார்டில் இருக்கும் பொட்டைத் துடைக்காதே, காய்ந்து தானாக உதிரட்டும். ஸ்டிக்கரில் கறை படியும், இருக்கட்டும். வேறு யாராவது பார்த்துச் சிரித்தாலும் இருக்கட்டும். ஆனால் பளபளப்புக் குழாயில் எதையும் வைக்காதே, வைக்க விடாதே. வெள்ளிக்கிழமைதோறும் வேலைக்குக் கிளம்பும் முன் ஈரத்துணியால் இரண்டு குழாயையும் துடைத்துவிட்டு, விரலால் தொட்டுப் பார். விரலில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் அன்றைக்குப் பேருந்தில் போ. வேலைக்குத் தாமதமானால் ஆகட்டும். முதலாளி திட்டினால் கேட்டுக்கொள்.

இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் அம்மா உன்னைக் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள். துடைத்தாயா என்றுதான் கேட்பாள். அவசரமாக இருந்தாலும் "ஓகேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சொல். அவளுக்கு இனி இதுதான் பொட்டு. நான் களைத்துவிட்டேன், தம்பி. கை, முட்டி, கண் எல்லாம் ஒரே நாளில் என்னிடம் கணக்குக் கேட்கின்றன. ஆனால் மூன்று தடவையும் நின்றது. அதை எழுதச் சொன்னேன் என்று எழுது பாப்பா, அவ்வளவுதான்.

(எழுதிவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடவில்லை, எண்ணெய்க் கட்டை விரலைத் தாளின் ஓரத்தில் ஒரு தடவை அழுத்தினார், அதுதான் இந்தக் கறை. பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார், சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. நான் கடிதத்தை உறைக்குள் வைக்கும்போது அம்மா மறுபடியும் முன்வாசலுக்கு வந்தார். குனிந்து, இடது குழாயில் விரலை வைத்து மேலும் கீழும் தடவி, விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எண்ணெய் இல்ல, காஞ்சிருக்கு" என்றார். அதன் பிறகு விளக்கை அணைத்தார்.)